பாக்ஸ் வரைக்கும் எங்களுடையது

எங்கள் கம்பெனியில் செப்புக் கேபிளை அடியோடு ஒழித்துவிட்டார்களாம். இனி எல்லா வீட்டுக்கும் கண்ணாடி இழைதான். அதற்கு ஒரு விழா, கேக், பூங்கொத்து. ஓய்வு பெற்றவர்கள் என்று எங்களையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்து அனுபவத்தைப் பற்றி அங்கிள் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒரு பெண் மைக்கை நீட்டினாள். இந்தியில் இனிப்பாக ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். அங்கே சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்த ஹாலில் இருந்த யாருக்கும் இதைப் படிக்கத் தெரியாது.

நான் பிறந்தது புனேயில், போபோடியில். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எனக்கும் அங்கே இடம் கிடைக்கும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு கேபிள் டி.வி. வந்தபோது ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாடிக்கு மாடி கறுப்புக் கேபிளை இழுப்பது, தடிமன் கேபிளையும் மெல்லிய கேபிளையும் சேர்ப்பது, சரியாகச் சேராவிட்டால் கதாநாயகிக்குப் பின்னால் அவள் நிழலும் சேர்ந்து ஆடுவது. படிப்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு, வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவன் பாஷா. அவனும் போபோடிக்காரன், கட்கி பஜாரில் பெல்ட், பை விற்கும் தமிழ்க் குடும்பம். என்னைவிட அவன் கை சுத்தம். அவன் போட்ட ஜாயின்ட்டில் ஒரு கம்பி நீளம், ஒரு கம்பி குட்டை என்று இருக்காது.

எங்களுக்கு மேலே பாட்கர் சாஹேப். முன்பு டெலிபோன் வேலையில் இருந்தவர். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்ற மாட்டார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார், பிறகு "பகூயா" என்பார். மராத்தியில், பார்க்கலாம் என்று அர்த்தம். அவரிடம் சொந்தமாக ஒரு கிரிம்பிங் டூல் இருந்தது. கேபிள் நுனியில் பிளக்கை வைத்து அழுத்தும் இடுக்கி அது. மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார், யாரையும் தொட விடமாட்டார். அதன் வாயில் ஒரு பல் லேசாக உடைந்திருந்தது. அதனால் அவர் அழுத்திய பிளக்கில் மட்டும் ஓரத்தில் ஒரு சாய்ந்த கீறல் விழும். கையெழுத்தைப் பார்க்கிற மாதிரி, இது சாஹேப் போட்டது என்று சொல்லிவிடலாம்.

தெரியாத ஆள் என்று அவரைச் சொல்லவே முடியாது. புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச மாட்டேன் என்று அடம்பிடித்தன. நாங்கள் காலையிலிருந்து மேஜை அடியில் தவழ்ந்துகொண்டிருந்தோம். சாஹேப் வந்தார், கீழே உட்காரவில்லை. கேபிளைக் கையில் எடுத்து, கர்ச்சீப்பால் தூசியைத் துடைத்து, அதன் மேல் அச்சடித்திருந்த பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். ஒரு அலமாரிக்குப் பின்னால் நின்றார். "இந்தத் துண்டு டி.வி. கேபிள். யார் இதை நடுவில் சேர்த்தது?" என்றார். இரண்டும் கறுப்பு, இரண்டும் உருண்டை, கிட்டத்தட்ட ஒரே பருமன். குணம் வேறு. சேருமிடத்தில் சிக்னல் முட்டித் திரும்பிவிடும். ஆபீஸில் யாரோ கம்பி போதவில்லை என்று ஒட்டுப் போட்டிருந்தார்கள். அதை எடுத்ததும் எல்லாம் ஓடியது. அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பக்தியே வந்துவிட்டது. பின்னால் அதுதான் என்னை அதிகமாக எரித்தது. தெரியாதவன் தப்புச் செய்தால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம்.

வீட்டு இன்டர்நெட்டில் எங்கள் வழக்கம் இது. கட்டடத்தின் மொட்டை மாடியில் ஹப் என்று ஒரு பெட்டி இருக்கும், வீடு வீடாக நெட்டைப் பிரித்துக் கொடுப்பது. அதிலிருந்து கேபிளை இறக்கி, வீட்டு வாசலுக்கு உள்பக்கச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பாக்ஸ் அடிப்போம். பாக்ஸ் வரைக்கும் எங்கள் கேபிள். பாக்ஸிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் வீட்டுக்காரர் கேபிள். இரண்டும் சந்திக்கிற இடம் அந்தப் பாக்ஸ்தான். எங்களுடையது ஒரு ரகம், வீட்டுக்குள் இருப்பது வேறு ரகமாக இருக்கும். ஆபீஸுக்குப் புகார் வந்தால் முதல் பதில், "உள் வயரைப் பாருங்கள்." இந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தது சாஹேப்தான். பல வீடுகளில் அது உண்மையாகவும் இருந்தது. அதனால் அந்தப் பதிலுக்கு ஒரு மரியாதை உண்டாகிவிட்டது.

ஆபீஸ் சுவரில் ஒரு போர்டு மாட்டியிருந்தது. கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் பிளக்கில் எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று சாஹேப் தன் கையால் பெயின்ட் அடித்த போர்டு. எட்டுக் கம்பியும் நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வரும். ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடிக்குள் கசியாமல் இருப்பது அந்த முறுக்கால்தான். போர்டில் நீல ஜோடி, பக்கத்தில் ஆரஞ்சு ஜோடி, அடுத்துப் பச்சை, கடைசியில் பழுப்பு. டெலிபோன்காரர்களின் பழக்கம், ஜோடியை ஜோடியாக உட்கார வைப்பது. பார்க்க லட்சணமாக இருக்கும். நெட்டுக்கு அது ஆகாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் சேர்ந்து ஒரு ஜோடியாக இருக்க வேண்டும். அதற்குப் பச்சை ஜோடியைப் பிரித்து, நடுவில் நீல ஜோடியை உட்கார வைக்க வேண்டும். போர்டுப்படி போட்டால் அந்த இரண்டு இடத்திலும் வேறு வேறு ஜோடியின் கம்பிகள் விழுந்து, பேச்சு கசியும். கூத்து என்னவென்றால், டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஒவ்வொரு கம்பியும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்திருக்கும். மெதுவாக ஓடிய பழைய ஹப்புகளில் இந்தக் கசிவு பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஹப்பை எல்லாம் எடுத்துவிட்டு ஸ்விட்ச் என்ற வேகமான பெட்டியை வைத்தோம். அதோடு புகார்கள் வரிசை கட்டின. ஆபீஸில் பதில் தயாராக இருந்தது, உள் வயரைப் பாருங்கள்.

ரேவதி வீட்டுக்கு நான் போனது அப்போதுதான். ஆற்றைத் தாண்டி ஔந்த் பக்கம் ஒரு புதுக் கட்டடம். கோயம்புத்தூர்க்காரப் பெண். கணவர் சுரேஷ் சாஃப்ட்வேர் கம்பெனியில். சின்னக் குழந்தை இருந்ததால் அவள் வீட்டிலிருந்தபடியே ஒரு வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, டைப் அடித்து, கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அவளுக்கு இந்தி வராது, மராத்தி சுத்தமாக வராது. காய்கறி வாங்கக்கூடக் கணவரோடுதான் போவாள். அந்த ஹெட்போனை மாட்டினால் மட்டும் இந்த ஊரில் தனக்கும் ஒரு இடம் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள்.

"அனுப்பற நேரத்துல பாதியில நின்னுருதுங்கண்ணா. ரெண்டு தடவை லேட்டாயிருச்சு. இன்னொரு தடவை ஆச்சுன்னா எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க. இவரு வேற, இதெல்லாம் தேவையா உனக்குங்கறாரு."

பாக்ஸைத் திறந்து பார்த்தேன். கட்டடம் கட்டும்போதே சுவருக்குள் எலக்ட்ரீஷியன் இழுத்து விட்டது வெறும் டெலிபோன் வயர். அதைத்தான் எங்கள் கேபிளோடு சேர்த்திருந்தார்கள். சாஹேபிடம் சொன்னேன். உள் வயரை மாற்றச் சொல் என்றார். நியாயம்தான், அந்த வயர் அதற்கு லாயக்கில்லாதது. புது வீட்டின் சுவரை உடைத்து, சாம்பல் நிற நெட் கேபிள் பதித்தார்கள். பழைய கதையேதான். சாஹேப் கண்ணாடியைத் துடைத்தார். "சாதாரண ரகம் போட்டிருப்பார்கள். தடிமன் ரகம் போடச் சொல்" என்றார். மறுபடியும் சுவரை உடைத்தார்கள். அந்தத் தடிமன் கேபிளின் கம்பி, சாதாரண பிளக்குக்குள் நுழையாது. அதற்கென்று தனிப் பிளக் கேம்ப்பில் தேடி வாங்கி வந்து நானே போட்டுக் கொடுத்தேன். அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு உசத்தியான கேபிள் அந்த வீட்டுச் சுவருக்குள்தான் இருந்திருக்கும். நெட் மட்டும் பழையபடி நின்று நின்றுதான் போனது. ஹாலில் வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் சிமெண்ட் பூசிய கோடு, பெயின்ட் இல்லாமல் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. சுரேஷ் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவியையும் ஒரு பார்வை பார்ப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாக்ஸில் உள் கேபிளைக் கழற்றிவிட்டு, அவர்களுடைய லேப்டாப்பை வாசலுக்கே கொண்டு வரச் சொல்லி, எங்கள் கேபிளில் நேராகச் செருகினேன். வீட்டு வயர் கணக்கிலேயே இல்லை. அப்போதும் பாதியில் நின்றது. ஆக, கோளாறு எங்கள் பக்கம். லேப்டாப்போடு கடையில் கொடுத்த ரெடிமேட் கேபிள் ஒன்று மேஜையில் கிடந்தது. அதன் பிளக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பச்சையைப் பிரித்து நடுவில் நீலம். இந்த மாதிரி ரெடிமேட் கேபிளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது அவர்கள் முறை, இது நம் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதைப் போர்டோடு சேர்த்து யோசித்தேன். மாடிக்கு ஏறி ஸ்விட்ச் பக்கத்துப் பிளக்கை வெட்டி, அந்த ரெடிமேட் வரிசையில் போட்டேன். கீழே இறங்கிப் பாக்ஸ் பக்கமும் அப்படியே. ரேவதி ஒரு பெரிய ஃபைலை அனுப்பினாள். போயே போய்விட்டது. நம்பாமல் இன்னொன்று அனுப்பினாள். அதுவும் போனது. அவள் முகத்தைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன்.

"உங்க வயர்ல ஒண்ணும் இல்லம்மா. வெளிய எங்க ஜாயின்ட்டுதான் தப்பு" என்று அப்போதே சொன்னேன்.

மறுநாள் காலையில் சாஹேபிடம் போய் எல்லாம் சொன்னேன். போர்டையும் மாற்றிவிடலாம் என்றேன். பேசியதெல்லாம் இந்தியும் மராத்தியும்தான், தமிழில் எழுதுகிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு டீ சொன்னார். "நல்ல வேலை செய்தாய், மணி. அந்த ஒரு வீட்டில் அப்படியே இருக்கட்டும்."

"மற்ற வீடுகள்?"

"போர்டை மாற்றினால் இத்தனை வருஷம் போட்ட ஜாயின்ட் எல்லாம் தப்பு என்று ஆகும். உடைத்த சுவரெல்லாம் நம் வாசலுக்கு வரும்." கண்ணாடியைத் துடைத்தார். "பகூயா."

ரேவதி வீட்டில் சில மாதம் தொல்லையில்லாமல் ஓடியது. அதற்குள் ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கப் போகிறது, ஆட்கள் வந்து மாடி மாடியாக ஏறிப் பார்ப்பார்கள் என்று பேச்சு வந்தது. எல்லா ஸ்விட்சிலும் எல்லாப் பிளக்கும் ஒரே மாதிரி, போர்டுப்படி இருக்க வேண்டும் என்று சாஹேப் உத்தரவு போட்டார். அந்த ஔந்த் வீட்டை மட்டும் தொட வேண்டாம் சாஹேப் என்று நான் கேட்டுக்கொண்டேன். பகூயா என்றார். மறுநாள் என்னைக் கேம்ப்புக்கு அனுப்பிவிட்டு, ஔந்த் பக்கம் பாஷாவை அனுப்பினார். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாஷா மாடியில் பார்த்தான், ஒரு பிளக் மட்டும் போர்டுக்கு மாறாக இருந்தது. வெட்டினான். போர்டுப்படி அழகாகப் போட்டான். இப்போது மேலே ஒரு வரிசை, கீழே பாக்ஸில் வேறு வரிசை. முன்பாவது விட்டு விட்டு வந்தது. இப்போது செத்தே போனது.

விஷயம் தெரிந்து நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் விழித்தான். "அரே தோஸ்த், போர்டுல இன்னா கீதோ அதத்தானே போட்டேன்? சாஹேப் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. அல்லா மேல ஆணை, தெரிஞ்சிருந்தா தொடுவேனா?" என்றான். அவன் மேல் என்ன தப்பு? சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தான்.

ஓடினேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. முந்தின நாள் நெட் போனதும் ரேவதி ஆபீஸுக்கு போன் செய்திருக்கிறாள். உள் வயரைப் பாருங்கள் என்றிருக்கிறார்கள். அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. ஃபைலை ஒரு சி.டி.யில் எழுதி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தனியாக வெளியே போய்ப் பழகாத பெண் ஆட்டோ பிடித்து, ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நேரத்துக்குள் அனுப்பியிருக்கிறாள். எங்கிருந்து அனுப்பினாய் என்று அவள் கம்பெனியில் கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். நோயாளிகளின் விவரத்தை வீட்டுக்கு வெளியே கொண்டு போகவே கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். அன்றைக்கே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் போனபோது சுரேஷும் வீட்டில் இருந்தார். ஹெட்போன் மேஜையில் வயர் சுற்றி வைத்திருந்தது. மேலே ஏறிப் பிளக்கை மாற்றிவிட்டு வந்து, கோளாறு எங்கள் பக்கம்தான் என்று அவரிடம் சொன்னேன்.

"நீங்க இப்படிச் சொல்றீங்க. உங்க ஆபீஸ்ல கேட்டா உள்ளதான் கோளாறுங்கறாங்க. நான் யாரைங்க நம்பறது? ரெண்டு தடவை செவுத்த உடச்சாச்சு" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மனைவிக்குத் தமிழ் பேசுகிற ஒருவன் கிடைத்தான், பரிதாபப்பட்டுச் சொல்கிறான் என்று நினைத்தார்.

வாசல் வரைக்கும் ரேவதி வந்தாள். "வேலை திரும்பக் கிடைக்காதுங்கண்ணா, அது எனக்குத் தெரியும். உங்க பெரியவர ஒரே ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. எங்க வயர்ல கோளாறு இல்லீன்னு இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். என்னோட பிடிவாதத்துலதான் வீட்டையே இடிச்சுப் போட்டேன்னு இருக்குது இங்க. அது மட்டும் மாறினாப் போதுங்க."

சாஹேபிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன். அவர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஒரு வீட்டுக்குச் சொன்னால் எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டியிருக்கும், மணி" என்றார். பகூயா என்றுகூடச் சொல்லவில்லை.

பெரிய கம்பெனி வந்தது. அவர்களுடைய அச்சடித்த போர்டு வந்தது, பச்சையைப் பிரித்து நடுவில் நீலத்தோடு. பழைய போர்டை இறக்கிவிட்டுப் புதிய போர்டை மாட்டியவர் சாஹேப்தான். தரத்தை உயர்த்தினார் என்று அவருக்குப் பதவியும் உயர்ந்தது. நானும் பாஷாவும் வீடு வீடாகப் போய்ப் பழைய பிளக்குகளை வெட்டி எறிந்தோம். எதற்கு என்று கேட்டால் 'அப்கிரேட்' என்று சொல்லச் சொன்னார்கள். வாய் கூசாமல் சொன்னோம். ரேவதி வீடு பட்டியலில் இல்லை. கனெக்‌ஷனை ஒப்படைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே போய்விட்டார்கள். பாக்ஸைக் கழற்றி வரப் போனது நான்தான். காலி ஹாலில் அந்தச் சிமெண்ட் கோடு மட்டும் கடைசி வரைக்கும் பெயின்ட் இல்லாமலே இருந்தது.

சில வருஷம் கழித்து, ஓய்வு பெற்றிருந்த சாஹேப் எனக்கு போன் செய்தார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம், நெட் பாக்ஸை அடுத்த சுவருக்கு மாற்ற வேண்டும், வேறு யாரும் வேண்டாம், நீ வா என்றார். போனேன். தமிழனுக்குப் பழைய மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்ல வராது போலிருக்கிறது, எனக்காவது வரவில்லை. நான் அதுவரை அவர் வீட்டுக்குள் போனதில்லை. அந்த லைனை அவரே போட்டுக்கொண்டார் என்று மட்டும் தெரியும்.

பாக்ஸின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே தூசி படிந்த, மஞ்சளாகிப் போன ஒரு பழைய பிளக். ஓரத்தில் அந்தச் சாய்ந்த கீறல். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முதலில் ஆரஞ்சு ஜோடி. பிறகு பச்சை பிரிந்து, நடுவில் நீலம். அந்த மாதிரிப் பிளக் வாங்குவதை நாங்கள் ஹப் காலத்திலேயே நிறுத்திவிட்டோம். ரேவதி வீட்டுச் சுவரில் முதல் உளி விழுவதற்கு வெகு முன்பே, இவர் தன் வீட்டுக்குச் சரியாகப் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

"சாஹேப், இது நம்ம பழைய போர்டு மாதிரி இல்லையே" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். பிளக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அரே மணி, யே தோ கர் கா ஹை நா" என்றார். இது நம் வீட்டுக்குப் போட்டது இல்லையா என்று. அதில் என்ன கேள்வி இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

"அந்த ஔந்த் பெண்ணுடையதும் வீடுதான் சாஹேப்" என்றேன்.

அவர் மனைவி டீ கொண்டு வந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். சாஹேப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார், நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"எந்த வீடு?" என்று கேட்டார்.